எதிர்காலத்துக்கு இரண்டு மதிப்பெண்

அத்தியாயம் 14

போன வாரம் தம்பி வீட்டுப் பூஜைக்குப் போன விஜயகுமாரி அங்கே ஒரு பீரோவைத் திறந்தாள். தேடி வந்த குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு பேசாமல் மூடியிருந்தால், இந்த வாரம் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. மடித்து வைத்த சேலைகளுக்கு அடியில் ஒரு சிவப்புப் புத்தகத்தின் முனை தெரிந்தது. பாஸ்போர்ட். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் சத்யபாமாவின் புகைப்படம் ஒன்று செருகியிருந்தது.

சத்யபாமா, தம்பி பிரேம்நாத்தின் மனைவி. விஜயகுமாரி அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை, திறக்கவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கூடத்துக்கு வந்து, பூஜைக்கு வந்திருந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகமாகக் குங்குமம் கொடுத்தாள். ஆள் எடுக்கும் வேலையில் பத்து வருடம் இருந்துவிட்டவர்களுக்கு இந்த வியாதி வந்துவிடுகிறது. எதைப் பார்த்தாலும் உடனே புரிந்துவிடும்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸில் உட்கார்ந்து ஒரு தாளில் ஒரே ஓர் எண் எழுதினாள். இரண்டு. பத்துக்கு இரண்டு.

இன்று திங்கள்கிழமை. முடிவு சொல்லும் நாள்.

யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில், விஜயகுமாரி வீட்டில் காலை ஏழு மணிக்கே கரண்ட் போய்விட்டது. தெருமுனையில் மீன்குழம்பு ஊற்றிய சேமியா, மொஹிங்கா, வாங்கிக்கொண்டு வந்த கணவர் தனசேகரன், கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்குத்தான ரிசல்ட்டு? பாமாவுக்குத்தான?"

"தெரியாது."

"மார்க் போட்டது நீ. ஒனக்குத் தெரியாம பக்கத்து வீட்டு ஜெனரேட்டருக்கா தெரியும்?"

"ஆபீஸ் விஷயம் வீட்ல எதுக்குங்க?"

"அடேங்கப்பா! போன வாரம் பூரா அந்தப் பொண்ணு ஐஸ் பையக் குலுக்குன கதைய நாலு தடவ சொன்னது யாரு? நானா?"

விஜயகுமாரி கரண்டியைக் கீழே வைத்தாள். பாதிக் கிண்ணத்தோடு எழுந்துகொண்டாள். பீரோவில் பார்த்ததை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் நிச்சயம் ஏதாவது ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும்.

ஐஸ் பை கதையைப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடலாம்.

விஜயகுமாரி வேலை பார்ப்பது மருந்து விநியோகக் கம்பெனியில். இன்சுலின், தடுப்பூசி என்று குளிரிலேயே இருக்க வேண்டிய சரக்கு. யாங்கோனில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குளிர் அறைக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும். பட்டம் வாங்கிய நாலு பேரை எடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒருவருக்கு வேலை தெரியவில்லை. மற்ற மூன்று பேருக்கும் வேலை தெரிந்த மறுமாதமே பாங்காக் தெரிந்துவிட்டது. கடைசியாகப் போன ஜுல்ஃபிகர் யூனிபாரத்தைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அந்த மட்டும் மரியாதை.

முதலாளி ஊ தெய்ன் ஸோவிடம் விஜயகுமாரிதான் போய்ச் சொன்னாள். இனிமேல் சர்ட்டிபிகேட்டைப் பார்க்க வேண்டாம். கையில் வேலை இருக்கிறதா என்று பார்ப்போம், மூன்று வருடத்தில் இந்த ஆள் என்னவாக வளருவார் என்று பார்ப்போம். தாளில் இரண்டே கட்டம். கைத்திறனுக்குப் பத்து, எதிர்காலத்துக்குப் பத்து. விளம்பரத்தில் 'படிப்பு கேட்கப்பட மாட்டாது' என்று போட்டபோது அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருத்தியாக, யாரிடமும் சொல்லாமல், சத்யபாமா வந்து நின்றாள். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மீன் சரக்கு வைக்கும் கிட்டங்கி ஒன்றில் பதினொரு வருடமாக ஐஸ் பொறுப்பு. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள்.

சோதனை எளிதானது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இந்த மருந்தையெல்லாம் பெட்டியில் அடுக்குங்கள் என்றார்கள். எட்டுப் பேர் உறைபெட்டியிலிருந்து ஐஸ் பைகளை எடுத்து நேராக மருந்தின் மேல் வைத்தார்கள். எவ்வளவு வேகமாக வைத்தார்களோ அவ்வளவு வேகமாக மருந்து உறைந்து வீணாகும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சத்யபாமா மட்டும் பைகளை மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினாள். திரும்ப வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம். மறுபடி குலுக்கினாள். உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகுதான் பெட்டிக்குள் வைத்தாள்.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஊ தெய்ன் ஸோ பர்மியத்தில் கேட்டார்.

"யாருமில்ல ஸயா. காஞ்ச ஐஸ் இறால்ல பட்டா ஒட்டிக்கிட்டு வெளுத்துப் போயிரும். கொஞ்சம் வேர்க்க விடணும். இறாலுக்கே அப்படின்னா மருந்துக்கு இன்னும் பயப்படணும்ல?" என்றாள் அவளும் பர்மியத்தில். முதலாளி அங்கே எல்லோருக்கும் ஸயாதான், அதாவது ஐயா.

கைத்திறனுக்குப் பத்துக்குப் பத்து. மூன்று பேர் உட்கார்ந்து போட்ட மார்க்.

அன்று மாலையே விஜயகுமாரி முதலாளியிடம் உண்மையைச் சொன்னாள். "ஸயா, இவள் என் தம்பி மனைவி. இரண்டாவது கட்டத்தை வேறு யாராவது போடட்டும்."

அவர் சிரித்தார். "அதனால்தான் நீ போட வேண்டும். அவள் நாளைக்கு என்ன செய்வாள் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்னொருத்தர் பாங்காக் போனால் அது உன் தலையில்."

இப்போதெல்லாம் இந்த ஊரில் நேர்காணல் முடியும்போது, டீ சாப்பிடுகிறீர்களா என்பதுபோல ஒரு கேள்வி கேட்பார்கள். பாஸ்போர்ட் இருக்கிறதா? எல்லோரும் இல்லை என்பார்கள். விஜயகுமாரி மற்ற எட்டுப் பேரிடமும் அதைக் கேட்டாள். தம்பி பெண்டாட்டியிடம் போய் அதைக் கேட்பதா என்று கூச்சப்பட்டு, அவளிடம் மட்டும் விட்டுவிட்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பீரோவைத் திறந்தாள்.

ஆபீஸில் முதலில் வந்தது மா தியி. தேர்வானவள். பத்தெய்னிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண். கைத்திறனில் ஆறு வாங்கியிருந்தாள், எதிர்காலத்தில் ஒன்பது. நீல யூனிபாரத்தை விஜயகுமாரி தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசிய கன்னம் நனைய அழுதாள். அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டாள்.

நல்ல பெண்தான். அதில் விஜயகுமாரிக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த அழுகையைப் பார்க்க மாட்டாமல் அவள் மேஜைக்குத் திரும்பிவிட்டாள்.

பதினொரு மணிக்கு சத்யபாமா வந்தாள். கிட்டங்கியில் அரை நாள் லீவு கேட்டுவிட்டு, பஸ்ஸில் இரண்டு இடம் மாறி வந்திருந்தாள். தலை வாரி, பூப்போட்ட தமெய்ன் கைலி கட்டி, பளிச்சென்று இருந்தாள். அறை வாசலில் நின்று, "வரலாமா ஸயாமா?" என்று மற்றவர்களைப் போலவே கேட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை. ஆபீஸில் உறவைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"உக்காரு பாமா."

"கெடைக்கலையாக்கா?"

முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். விஜயகுமாரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"பரவால்லக்கா." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எதுல கொறஞ்சுச்சு? சொன்னீங்கன்னா இனிமே திருத்திக்கிருவேன்."

"கம்ப்யூட்டர்… கொஞ்சம்…"

"கம்ப்யூட்டர் வேணாம்னுதான போட்டிருந்துச்சு."

"மேல முடிவு பண்ணிட்டாங்க பாமா. நான் என்ன செய்யட்டும்?"

மேஜைமேல் தாள் திறந்து கிடந்தது. அதை எடுத்து வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் போனதுதான் அன்றைய நாளின் விசேஷம். சத்யபாமாவின் கண் அதில் போய் நின்றது. கைத்திறன் பத்து. எதிர்காலம் இரண்டு. இரண்டாவது கட்டத்துக்கு எதிரே ஒரே ஒரு கையெழுத்து. பிள்ளையின் ஸ்கூல் பாரத்தில் பார்த்த கையெழுத்து, கல்யாணப் பதிவில் சாட்சியாகப் பார்த்த கையெழுத்து.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"வர்றேன்க்கா. பன்னெண்டுக்கு ஐஸ் வண்டி வந்துரும்."

போய்விட்டாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் விஜயகுமாரி தன் பக்கத்து நியாயத்தையெல்லாம் அடுக்கி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். திருத்திக்கொள்கிறேன் என்றாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மத்தியானம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. ஐந்து மணிக்கு டாக்ஸி பிடித்து, தம்பி வீடு இருக்கும் பசுந்தாங்குக்குக் கிளம்பினாள்.

வழியெல்லாம் பேச வேண்டியதைக் கட்டிக்கொண்டே போனாள். தப்பு என்னுடையது மட்டுமா? ஊரை விட்டுப் போகிற எண்ணத்தை மனசில் வைத்துக்கொண்டு என் கம்பெனியில் வந்து நிற்கலாமா? தம்பியாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கட்டடம் வந்து சேர்வதற்குள் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. அப்படி வந்தது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

நாலாவது மாடி. தெருவில் தொங்கிய கயிற்றை இழுத்ததும் மேலே மணி அடித்தது. பிரேம்நாத் பால்கனியில் எட்டிப் பார்த்து, கயிற்று நுனிக் கிளிப்பில் சாவியை மாட்டி இறக்கினான். படியேறி அவள் மூச்சு வாங்க உள்ளே வந்தபோது, டாக்ஸி ஓட்டிவிட்டு வந்த சட்டையோடு அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். சத்யபாமா அடுப்படியில் இருந்தாள்.

"வாக்கா. பாமா சொன்னா. யாபாடே, விடு. பரவால்ல. ஒன்னால முடிஞ்சா செய்ய மாட்டியா?"

அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. விஜயகுமாரி வழியில் கட்டிக்கொண்டு வந்த பேச்சில் பாதி அங்கேயே உதிர்ந்தது. மீதிப் பாதியைப் பேசினாள்.

"நீங்க ஊர விட்டுப் போறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லடா?"

"யாரு போறது? எங்க?"

"மறைக்காத. பீரோல பாஸ்போர்ட்டப் பாத்தேன்."

பிரேம்நாத் டீ டம்ளரைக் கீழே வைத்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவனாக அடுப்படிப் பக்கம் பார்த்தான். சத்யபாமா அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அந்தச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து வந்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"தொறந்து பாருங்கக்கா."

திறந்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற பாஸ்போர்ட் வேறு. இது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கானது. எடுத்து ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை.

"ஒங்க கண்ணு ஆப்பரேஷனுக்கு மெட்ராஸ் போறதா இருந்துச்சுல்ல," என்றாள் சத்யபாமா.

அவ்வளவுதான் சொன்னாள். அவ்வளவு போதுமாக இருந்தது.

விஜயகுமாரிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இதே கூடத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, 'பிளேன்ல தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல பாமா, ஆஸ்பத்திரில கூட ஒரு பொம்பள ஆள் வேணும், நீ வா' என்று அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பாஸ்போர்ட் ஆபீஸில் அப்போது கூட்டம் தெருவரை நின்ற சமயம். இவளுக்காக சத்யபாமா மூன்று நாள் கிட்டங்கிக்கு லீவு போட்டு, விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றாள். பிறகு கண்ணுக்கு யாங்கோனிலேயே வைத்தியம் ஆகிவிட்டது. பயணம் இல்லை என்பதைக்கூட விஜயகுமாரி அவளிடம் நேரில் சொல்லவில்லை. தம்பி மூலமாகத்தான் சொல்லி அனுப்பினாள். அதோடு மறந்தும் போனாள்.

தனக்குத் துணை வருவதற்காக ஒருத்தி எடுத்த புத்தகத்தைப் பார்த்து, அவளுக்கு எதிர்காலம் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். செத்துப்போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது.

"பாமா வேலையக் கெடுத்த அந்த ரெண்டு மார்க்… நான் போட்டதுதான்டா," என்றாள் தம்பியிடம். "இதப் பாத்துட்டுத்தான்."

பிரேம்நாத் நிமிர்ந்து பார்த்தான். அக்காவை அவன் அப்படிப் பார்த்ததே கிடையாது.

"நாளைக்குக் காலைல மொத வேலையா ஸயாகிட்டப் போறேன் பாமா. நடந்ததச் சொல்லி, மாத்தச் சொல்றேன். என் வேல போனாலும் சரி."

"அந்தப் பொண்ணுக்கு யூனிபாரம் குடுத்தாச்சுல்லக்கா? நான் வெளிய வரும்போது கண்ணாடி முன்னாடி வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா. அவகிட்டப் போய் என்ன சொல்வீங்க?"

விஜயகுமாரி பாஸ்போர்ட்டை மூடினாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் செய்ங்க." சத்யபாமா எதிரே உட்கார்ந்தாள். குரல் நிதானமாக இருந்தது. "எங்கூட கிட்டங்கில இருந்தாள்ல மதீனா பீவி, பாங்காக்குல குளிர்க் கிட்டங்கில இருக்கா. ஆளு எடுக்கறாங்க, வா வான்னு ஒரு வருஷமாக் கூப்புடுறா. நான்தான் முடியாதுன்னேன். இன்னிக்கு மத்தியானம் சரின்னு சொல்லிட்டேன். என் வேலையப் பாத்தவங்க யாராச்சும் இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாப் போதுமாம். நீங்க பாத்தத அப்படியே எழுதிக் குடுங்கக்கா. கூட்டி எழுத வேணாம்."

"பாமா!" பிரேம்நாத் எழுந்துவிட்டான். "எங்கிட்டக் கேக்காமயா?"

"சொல்லத்தான் சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள அக்கா வந்துட்டாங்க."

"பிள்ள?"

"பிள்ளைக்குத்தான் போறேன். பதினோரு வருஷமா ஐஸ்ல நிக்கறேங்க. ஒரு படி மேல ஏறலாம்னு ஒரு எடத்துல கேட்டேன். ஏற மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க." அவள் நாத்தனாரைப் பார்க்காமலேதான் சொன்னாள். "இந்தப் புஸ்தகத்த வேலைக்குப் போற புஸ்தகமா மாத்தித் தருவாங்களான்னு தெரியல. நாளைக்குப் போய்க் கேக்கணும்."

போக மாட்டாள் என்று நம்பியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். போவாள் என்று எழுதியதால் போகிறாள். இதைவிடத் தெளிவாக ஒருவரைத் துரத்த முடியாது என்று விஜயகுமாரிக்குத் தோன்றியது.

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. விஜயகுமாரி எழுதினாள். பத்து வருடத்தில் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள். கடமைக்கு நாலு வரி. இதற்கு ஒரு பக்கம் ஆயிற்று. கை நிற்கவே இல்லை.

"படிச்சுக் காட்டுக்கா," என்றான் பிரேம்நாத். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது. என் பொண்டாட்டியப் பத்தி என்ன எழுதிருக்கேன்னு தமிழ்ல சொல்லு."

"எதுக்குடா?"

"சொல்லு."

தப்பிக்க வழியில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். கரண்ட் போனபோது பதறாமல் நின்றது ஒன்பது பேரில் இவர் ஒருவர்தான். ஐஸ் எப்போது தயார் என்பதைக் காதால் கேட்டே சொல்கிறார். கேட்டதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர். குறையைச் சொன்னால் திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கிறவர். அந்த இடத்தில் நிறுத்தி, தாளை மடிக்கப் போனாள்.

"அப்புறம்?"

"'மூணு வருஷத்துல ஒரு முழு கிட்டங்கியையே இவங்கள நம்பி ஒப்படைக்கலாம்.'"

 கீழே தெருவில் பஸ்காரன் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டு போனான்.

"இதெல்லாம் மார்க் போடும்போதே ஒங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள் சத்யபாமா.

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் யோசித்தேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தெரியும்."

பிரேம்நாத் கையை நீட்டினான். விஜயகுமாரி தாளைக் கொடுத்தாள். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஆணியில் மாட்டியிருந்த டாக்ஸிச் சாவியை எடுத்தான். "எங்கடா போற?" என்றாள் அக்கா, "என்னங்க, அத வச்சுட்டுப் போங்க" என்றாள் மனைவி. நாலு மாடிப் படியிலும் அவன் செருப்புச் சத்தம் இறங்கிப் போவது கேட்டது. பிறகு வண்டி கிளம்பும் சத்தம். முதலாளியிடம் காட்டப் போகிறானா, மனைவி போகாமலிருக்க ஒளித்து வைக்கப் போகிறானா என்று விஜயகுமாரிக்குத் தெரியவில்லை.

சத்யபாமா பால்கனிக்குப் போய்ப் பார்க்கவில்லை. மகளின் நோட்டைத் திறந்து, இன்னொரு தாளை ஓரம் பிசிறில்லாமல் கிழித்து, நாத்தனார் முன்னால் வைத்தாள்.

"இன்னொரு தடவ எழுதுங்கக்கா. ஒரு வரி கொறையாம."